அழுகுணிப் புராணம்

திருச்சுழி வக்கீல் சுந்தரமய்யர் வீட்டுப் பையன் வெங்கட்ராமனுக்குக் கூட விளையாடிய பொடியன்கள் வைத்த பட்டப்பெயர் ‘தங்கக்கை’. அவன் எந்தக் கட்சியில் சேர்கிறானோ அந்தக் கட்சிதான் ஜெயிக்கும். 1879இல் பிறந்த புண்ணியம், தங்கக்கையோடு விட்டார்கள். இன்றைக்கு நரிக்குடியில் ஏதாவது ஒரு வேப்பமர நிழலில் நாலு பேர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தன் அப்படி வரிசையாக ஜெயித்துப் பார்க்கட்டும். பட்டப்பெயர் ஒன்றே ஒன்றுதான்: ஹேக்கர். மூன்று பேர் ரிப்போர்ட் அடிப்பார்கள், நாலாவது ஆள் அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவான்.

அந்தத் தங்கக்கைப் பையன் பின்னால் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷி ஆனது ஊரறிந்த கதை. அவர் வாழ்க்கையில் எல்லாரும் அவர் ஞானம் பெற்ற இடத்தை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவர் தூங்கின இடம். பள்ளிக்கூட நாளில் அவருக்கு அப்படி ஒரு தூக்கம். முழித்திருக்கும்போது அவர்மேல் கை வைக்கத் தைரியம் இல்லாத பையன்கள், தூங்கும் நேரம் பார்த்து அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய், ஆசைதீர மொத்திவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்கையில் போட்டுவிடுவார்களாம். மறுநாள் யாராவது சொன்னால்தான் அவருக்கே தெரியும்.

ஆன்லைன் ஆட்டத்தில் இப்படித் தூக்கத்தில் இருப்பவனை ‘ஏஎஃப்கே’ என்பார்கள். ஆட்டத்துக்கு நடுவே அம்மா கடைக்குப் போகச் சொன்னாள் என்று எழுந்து போயிருப்பான். அவன் பொம்மை மட்டும் களத்தில் மரம்போல நிற்கும். அதைச் சுட்டுவிட்டு “ஒத்தை ஆளா நாலு கில்லு மாப்ள” என்று பீற்றிக்கொள்கிறவனுடைய கொள்ளுத் தாத்தாக்கள்தான் ரமணரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்.

ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் பையன்கள் கெட்டுப்போனார்கள் என்று பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மானாமதுரையிலிருந்து விருதுநகர் போகும் ரயில் பாதையில், சீமைக்கருவேலங்காட்டுக்கும் காய்ந்த கண்மாய்க்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர் நரிக்குடி. வருண பகவான் எங்கள் பக்கம் நிரந்தர ஏஎஃப்கே. மழை இல்லாத ஊரில் ஆட்களுக்கு நேரம் நிறைய உண்டு. நேரம் உள்ள இடத்தில் தாயம், ஆடுபுலி, கோலிக்குண்டு எல்லாம் உண்டு. அது இருக்கிற இடத்தில் அழுகுணி ஆட்டமும் உண்டு. ஆக, இந்தச் சரித்திரத்தை எழுத எங்களுக்குத் தகுதி இருக்கிறது.

எத்தனை யுகத்தைப் புரட்டினாலும் களவு இரண்டே ரகம். பார்க்கக் கூடாததைப் பார்ப்பது கண் களவு. சொந்தக் கையால் ஆடவேண்டிய இடத்தில் இன்னொரு கையை நுழைப்பது கை களவு. சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டிக்கொடுக்கும் ‘வால்ஹேக்’ முதல் ரகம். தானே குறிபார்த்துச் சுடும் ‘எய்ம்பாட்’ இரண்டாவது ரகம். ஒளிந்திருந்து அடிப்பது களவா இல்லையா என்பது மட்டும் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கிஷ்கிந்தை சர்வரில் வாலி என்று ஒருத்தன். எதிரே நின்று சண்டைக்கு வருகிறவனின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும் என்று வரம். எந்தக் கேம் கம்பெனியாவது இப்படி ஒரு பாத்திரத்தை வெளியிட்டால் மறுநாளே ஆடுகிறவர்கள் கொடி பிடிப்பார்கள்; அடுத்த அப்டேட்டில் பலத்தைக் குறைத்துவிடுவார்கள். தேவர்களுக்கு அப்டேட் விடும் பழக்கம் இல்லை. அதனால் ராமர் மறைவில் நின்றார். இன்று இதற்குப் பெயர் கேம்பிங். அதிலும் முதல் சுற்று சொதப்பல். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு என்பதால் அம்பை யார்மேல் விடுவது என்று தெரியவில்லை. சுக்ரீவன் செமத்தியாக வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். மறுசுற்றுக்கு அவனை ஒரு கொடிப்பூவைச் சூடிக்கொண்டு போகச் சொன்னார்கள். பப்ஜியில் நம்ம ஆள் தலைக்குமேல் பெயர் மிதக்கிறதே, அந்த வசதியின் முதல் பதிப்பு சுக்ரீவன் மேல் கிடந்தது.

அம்பு பட்டு விழுந்த வாலி கேட்ட கேள்விகளைக் கம்பர் குறைக்காமல் எழுதிவைத்துவிட்டார். அங்கே பிடித்தது சனி. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் ஆரம்பித்தார். மேடை கிடைத்தது, மைக் கிடைத்தது, வாலிக்கு வக்கீல்களும் கிடைத்தார்கள். வாலி வதம் சரியா தவறா என்று அன்றிலிருந்து ஊர் ஊராகப் பட்டிமன்றம். வீடியோ பதிவு கிடையாது, சர்வர் பதிவு கிடையாது, சாட்சிகள் எல்லாம் குரங்குகள். ஆனாலும் எண்பது வருஷத்துக்கு மேலாக ஒரே ஒரு கில்லை விசாரித்துக்கொண்டிருக்கிற சமுதாயம் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான். நடுவர் இரண்டு அணியையும் பாராட்டிவிட்டு, ஒரு ஜோக் சொல்லிவிட்டு, பொன்னாடையோடு காரேறிப் போய்விடுவார். என்னை நடுவராகப் போட்டால் தீர்ப்பு சுருக்கம்: புதர் எல்லாருக்கும் பொது என்றால் ஒளியலாம். எதிராளி கண்ணுக்கே தெரியாத புதரை நீயே கொண்டுவந்து நட்டால் வழக்கு.

கை களவின் முதல் வழக்கு அஸ்தினாபுரத்தில் பதிவானது. பந்தயம் கட்டுபவன் துரியோதனன், காய் உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையில்லையே என்று தருமர் ஆட்சேபம் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆடினார். மனுஷனுடைய மொத்தக் கோளாறும் அந்த ஒரு இடத்தில் தெரிகிறது. இன்று காசு கொடுத்துக் கைதேர்ந்த ஒருத்தனைத் தன் அக்கவுண்டில் ஆடவிட்டு ரேங்க் ஏறுவதை ‘பூஸ்டிங்’ என்கிறார்கள். பிடித்தால் அக்கவுண்டைத் தூக்கிவிடுவார்கள். துரியோதனனின் ரேங்க் முழுக்க மாமன் போட்ட பிச்சை. யாரும் தூக்கவில்லை. காரணம், சபையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் விதியைப் பற்றித் தத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தருமர் மட்டும் யோக்கியமா? நாடு போச்சு, தம்பிமார் போச்சு, தானும் போச்சு, கட்டினவளும் போச்சு. எப்படியோ எல்லாம் திரும்பிக் கிடைத்தது. மறுபடி ஆளனுப்பியதும் வந்து உட்கார்ந்தார். ஆன்லைன் ரம்மியில் “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்” என்று சொன்ன அத்தனை பேருக்கும் குலதெய்வம் அவர்தான். கள்ளன் என்று தெரிந்த சர்வரில் திரும்ப லாகின் செய்தவரைத் தருமன் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

கடைசியில் கதாயுத்தத்தில் பீமன் இடுப்புக்குக் கீழே, தொடையில் அடித்தான். விதி மீறல், பட்டவர்த்தனம். இருவருக்கும் கதை பழக்கிய வாத்தியார் பலராமர் ஏரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கிருஷ்ணர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நடுவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசும் மேனேஜர்களும் அன்றைக்கே உண்டு என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஊர்ப் பெயரில் நரி இருப்பதால் அடுத்த கதையைத் தாண்டிப்போனால் ஊருக்குள் விடமாட்டார்கள். குதிரை வாங்கி வா என்று பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணியில் போட்டுவிட்டார். ஆடிட்டர் பாஷையில், நிதி வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டது. அடியாரைக் காப்பாற்றச் சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தானே ஓட்டிவந்து மதுரையில் ஒப்படைத்தார். ராத்திரி ஆனதும் எல்லாம் பழையபடி நரி. லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. காசு கொடுத்து வாங்கிய ‘ஸ்கின்’ என்ற வேஷம் அன்று ராத்திரியே காலாவதி, ரீஃபண்டும் கிடையாது. பாண்டியன் கடைக்காரரைப் பிடிக்க முடியாமல் மாணிக்கவாசகரைப் பிடித்து வைகை மணலில் நிற்க வைத்தான். அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர் நரி எத்தனை என்று புராணத்தில் கணக்கு இல்லை. இருந்திருக்கும்.

அதன் தொடர்ச்சி பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். வந்திக் கிழவிக்குப் பதில் கூலியாளாக வந்த சிவன், கூலிப் பிட்டை முதலிலேயே வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமக்காமல் ஆடிப் பாடித் தூங்கினார். டீமில் சேர்ந்துவிட்டு ஆடாமல் நிற்கிற ஆள். பாண்டியன் பிரம்பால் ஒரு அடி போட்டான். அடி உலகத்தில் உள்ள அத்தனை உயிரின் முதுகிலும் விழுந்தது, அடித்தவன் முதுகு உட்பட. இந்தப் பிரம்படியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்காயில் வேண்டியிருக்கும்.

இனி தேதி போட்ட சரித்திரம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முக்குளத்தில் பிறந்தவர்கள் மருது சகோதரர்கள். பெரியவர் வெறும் விரலால் ரூபாய் நாணயத்தையே வளைப்பார் என்று பேச்சு. கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் அதைக் கேட்டு எழுதிவைத்தார். சின்னவருக்கு வளரி. வளைந்த தடி, கை தேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பதும் வெல்ஷ் சொன்னதுதான். அவருக்கு அது எப்படித் தெரியும்? 1795 வாக்கில் மதுரையில் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே சின்ன மருதுதான்.

யோசித்துப் பாருங்கள். நாளைக்கு எதிர் டீமில் நிற்கப்போகிறவனைக் கூப்பிட்டு, “துரை, மணிக்கட்டை இப்படி வையுங்க, முழங்கையை இப்படித் திருப்புங்க” என்று சொந்த வித்தையைச் சும்மா கற்றுக்கொடுக்கிறார். இன்றைக்கு ஒரு புரோ பிளேயரிடம் சென்சிடிவிட்டி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், முதலில் சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வார். ஆறே வருஷத்தில் மாணவர் கம்பெனிப் படையோடும் பீரங்கியோடும் காளையார்கோவில் காட்டுக்கு வந்தார். வளரிக்கு எதிரே பீரங்கி. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அந்த டிசம்பரிலேயே, இந்தச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று கம்பெனி அறிக்கை விட்டது. ஜெயித்ததோடு திருப்தி வராமல், எதிராளியின் ஆயுதத்தையே ஆட்டத்திலிருந்து டெலிட் செய்த முதல் கேம் கம்பெனி கிழக்கிந்தியக் கம்பெனிதான்.

வெல்ஷ் ஒரு காரியம் செய்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். 1830இல் வெளிவந்த தன் புத்தகத்தில், தனக்கு வித்தை சொல்லித்தந்த மனிதரைக் காட்டு விலங்கு மாதிரி விரட்ட நேர்ந்ததையும், தொடை முறிந்து அவர் சிறையில் கிடந்ததையும் மனசு கேளாமல் எழுதினார். ஆட்டம் முடிந்ததும் தோற்றவனுக்கு ‘ஜிஜி’ போடுவது, அதாவது நல்லா ஆடினப்பா என்று சொல்வது, கேமர்கள் மத்தியில் மரியாதை. வெல்ஷ் போட்ட ஜிஜி வந்துசேர ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. அப்போதெல்லாம் நெட் ஸ்லோ.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஒரு செஸ் இயந்திரம் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. 1770இல் வியன்னாவில் கெம்பெலன் செய்தது. தலைப்பாகை கட்டிய துருக்கிப் பொம்மை, தானே காய் நகர்த்தும். 1809இல் நெப்போலியன் அதோடு ஆடினாராம். வேண்டுமென்றே தப்பான நகர்த்தல்கள் வைத்துப் பார்க்க, பொம்மை கடுப்பாகிக் காய்களை எல்லாம் தட்டிவிட்டதாம். சக்கரவர்த்தியே அழுகுணி. எதிரில் இருந்ததோ அதைவிடப் பெரிய அழுகுணி: பெட்டிக்குள் ஒரு செஸ் ஆட்டக்காரர் மடங்கி உட்கார்ந்திருந்தார். 2006இல் டெல்லிப் போட்டி ஒன்றில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. காதுவரை இழுத்துவிட்ட தொப்பிக்குள் புளூடூத் வைத்துக்கொண்டு ஒருவர் ஆடினார். வெளியிலிருந்து நகர்த்தல்கள் வந்தன. பிடிபட்டு 10 வருஷம் தடை வாங்கினார். அங்கே இயந்திரத்துக்குள் மனுஷன், இங்கே மனுஷனுக்குள் இயந்திரம். தொப்பிக்குள் ஒளிந்த ஆளைவிடப் பெட்டிக்குள் மடங்கியவர் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அவருக்காவது செஸ் தெரியும்.

வீடியோ கேம் அழுகுணியை ஊரறியச் செய்தவர் ஒரு சோம்பேறி அல்ல, ஒரு தொழிலாளி. 1986இல் ஜப்பானின் கொனாமி கம்பெனிக்காக ‘கிரேடியஸ்’ ஆட்டத்தை வீட்டு வீடியோ கேமாக மாற்றிக்கொண்டிருந்த கஸுஹிசா ஹஷிமோட்டோவுக்கு, தான் செய்த ஆட்டத்தைத் தானே ஆடி முடிக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி வைத்தார்: மேலே மேலே, கீழே கீழே, இடது வலது இடது வலது, பி, ஏ. எடுக்க மறந்துவிட்டார். ஒரு மனிதரின் மறதியால் பின்னால் வந்த ‘கான்ட்ரா’ ஆட்டத்தில் நமக்கு 30 உயிர் கிடைத்தது. டிவியில் மாட்டும் வீடியோ கேம் பெட்டிகள் வந்த 90களில், ஊரில் திருக்குறள் பத்து ஒப்பிக்கத் தெரியாத பையன்கள் எல்லாம் இந்த மந்திரத்தைத் தூக்கத்தில் சொன்னார்கள். மஞ்சள் கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே அதே ஆட்டங்கள் திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். அந்தக் கள்ளாட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் வழக்குப் போடவில்லை.

இந்த மந்திரத்தை நான் களவு என்று சொல்லமாட்டேன். அங்கே எதிராளி ஒரு பெட்டி. பெட்டிக்குத் தூக்கம் கெடாது, அது அம்மாவிடம் போய் அழாது. ‘வைஸ் சிட்டி’ ஆட்டத்தில் போலீஸ் துரத்தும்போது ‘லீவ்மீஅலோன்’ என்று அடித்தால் போலீஸ் போய்விடும். ‘பான்சர்’ என்று அடித்தால் நடுரோட்டில் டாங்கி விழும். அருப்புக்கோட்டை பிரவுசிங் சென்டர்களில் ஸ்பெல்லிங் தப்பில்லாமல் பையன்கள் எழுதிய இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

வழக்கு ஆரம்பிப்பது எதிரே இன்னொரு பையன் உட்கார்ந்த பிறகு. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் வந்தது; வரிசையாக ஐந்து ஐந்து கம்ப்யூட்டர். அங்கே நடந்த களவு பெரும்பாலும் கண் களவு. பக்கத்து ஸ்கிரீனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தவனைத் தற்செயலாகக் கண்டுபிடித்த மாதிரி நடிப்பது. அதற்குத் தண்டனையும் அங்கேயே உண்டு. “பங்காளி, என் ஸ்கிரீனைப் பார்த்த, கண்ணைத் தோண்டிருவேன்” என்ற ஒரே ஒரு சட்டப் பிரிவு. நீதிபதி, ஜூரி, போலீஸ் எல்லாம் பக்கத்து நாற்காலி. அதையும் மீறினால் கடை அண்ணன் எழுந்து வருவார். அவருக்கு யார் தப்பு என்பதில் அக்கறை இல்லை, கீபோர்டு உடையக்கூடாது.

2010களின் ஆரம்பத்தில் தென் மாவட்டங்களைப் பிடித்து ஆட்டிய மின்வெட்டுக்கு இந்தச் சரித்திரத்தில் தனி இடம் உண்டு. தோற்கிற சமயத்தில் கரண்டு போனால் தோல்வி இல்லை. ஜெயிக்கிற சமயத்தில் போனால் அரசாங்கத்தின் சதி. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் காலால் சுவிட்சைத் தட்டிவிட்டு, “ச்சே, போயிருச்சுண்ணே” என்று மின்வாரியத்தைத் திட்டிய மகானுபாவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

2018 அழுகுணிகளுக்கு ஏழரைச் சனி. ஜனவரியில், 1982இலிருந்து ‘டிராக்ஸ்டர்’ கார் ஆட்டத்தில் 5.51 விநாடி என்று மார்தட்டிக்கொண்டிருந்த அமெரிக்கர் டாட் ராஜர்ஸின் சாதனையை அழித்தார்கள். ஆட்டத்தின் நிரலையே பிரித்துக் கணக்குப் போட்டதில், எவ்வளவு சரியாக ஆடினாலும் 5.57க்குக் கீழே வரவே முடியாது என்று தெரிந்துபோனது. இத்தனை வருஷம் இயற்கையின் விதியையே ஏமாற்றியிருக்கிறார். அக்டோபரில் நம் முறை.

ஷாங்காயில் எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட் கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி. நம் தரப்பில் ஆப்டிக் இந்தியா, எதிரே வியட்நாமின் ரெவல்யூஷன். ‘ஃபர்சேகன்’ என்ற பெயரில் ஆடிய இந்திய வீரரின் குறி சந்தேகம் கிளப்ப, ஆட்டத்தை நிறுத்தி நிர்வாகி வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கக் கேட்டார். வீடியோவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது: நிர்வாகி மவுஸைப் பிடிக்க வர, இவர் அவசர அவசரமாக எதையோ மூடவும் அழிக்கவும் பார்க்க, இரண்டு பேர் கையும் ஒரே மவுஸின் மேல். உள்ளே இருந்தது குறியைத் தானே இழுத்துக்கொண்டுபோகும் எய்ம்பாட். கோப்பின் பெயர் ‘வேர்டு.இஎக்ஸ்இ’.

இந்தப் பெயரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சர்வதேசப் போட்டி, மேடை, கேமரா. துப்பாக்கிச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒரு வீரரின் கம்ப்யூட்டரில் வேர்டு ஓடுகிறது. என்ன அடிப்பார் என்று நினைத்தார்களோ? பயோடேட்டாவா? அப்படியென்றால் தொலைநோக்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் தேவைப்பட்டது. சகுனியின் களவாவது பார்க்கத் தாயக்கட்டை மாதிரி இருந்தது.

இங்கேதான் பிரம்படி. அணி உடனே தகுதியிழந்தது. ஆப்டிக் நிறுவனம் அந்த வீரரை நீக்கியதோடு இந்திய அணியையே கலைத்துவிட்டது. கூட ஆடிய நாலு பேருக்கும் வேலை போனது. மின் விளையாட்டு நேர்மைக்கான ஆணையம் அவருக்கு 5 வருஷம் தடை போட்டது, சரி. ஆனால் அந்த நாலு பேருக்கு எந்த ஆணையம் என்ன போட்டது? அதற்குப் பிறகு பல மாதம், வெளிநாட்டு சர்வரில் இந்தியப் பையன் ஒருத்தன் இரண்டு பேரைச் சேர்ந்தாற்போலச் சுட்டால் போதும், எதிர்த் தரப்பிலிருந்து ‘வேர்டு.இஎக்ஸ்இ’ என்று வந்து விழும். கள்ளாட்டத்தால் தோற்றவனுக்கு நஷ்டம் ஒரு ஆட்டம்தான். நிஜமாகவே கை வந்தவனுக்குத்தான் ஆயுசு நஷ்டம். அவன் தங்கக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

அதே சமயம், களவு விளையாடுகிறவர்களின் தொழில் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது, வாத்தியார்களும் செய்தார்கள். 2020இல் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு கோளாறு அம்பலமானது: பயிற்சியாளர்களின் பார்வை களத்தின் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு எதிர் அணியைக் காட்டும். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 37 பயிற்சியாளர்களுக்குத் தடை. சுத்தமான கண் களவு.

நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எதிரே நடந்த கை களவு 2021 ஜூன் 13இல். கொரோனா நிதிக்காக விசுவநாதன் ஆனந்த், ஒரே நேரத்தில் பல பிரபலங்களோடு ஆன்லைனில் செஸ் ஆடினார். ஆமிர் கான் ஆடினார், கிரிக்கெட்டர் சாஹல் ஆடினார், எல்லாரும் கௌரவமாகத் தோற்றார்கள். ஐந்து முறை உலக சாம்பியனிடம் தோற்பதில் என்ன வெட்கம்? பங்குவர்த்தக நிறுவனம் ஜெரோதாவின் நிகில் காமத் மட்டும் ஜெயித்தார். அவருடைய நகர்த்தல்களின் துல்லியம் கிட்டத்தட்ட 99 விழுக்காடு. மயிலாடுதுறையில் பிறந்து, ஆறு வயதிலிருந்து காய் நகர்த்தி, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் மடக்கிவிட்டார் என்றால் செஸ் டாட் காம் என்ன, எங்கள் ஊர் டீக்கடையே நம்பாது. கணக்கை மூடினார்கள். மறுநாள் காமத் தானே ஒப்புக்கொண்டார்: ஆட்டத்தை அலசியவர்களின் உதவியும் கம்ப்யூட்டர் உதவியும் இருந்தன, அசட்டுத்தனம், மன்னியுங்கள் என்று. நான் ஆனந்தை நிஜமாகவே ஜெயித்தேன் என்று இத்தனை பேர் நினைப்பதே அபத்தம் என்றும் சொன்னார். ஆனந்த் மிகச் சின்னதாக ஒரு பதில் போட்டார்: பலகையில் இருந்ததை ஆடினேன், எல்லாரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்கிற அளவில். பலராமரைப்போல ஏரைத் தூக்கவில்லை. வாலியைப்போல விருத்தம் பாடவில்லை. மறு ஆட்டம் வேண்டும் என்றும் கேட்கவில்லை.

தரும காரியத்துக்கான ஆட்டத்திலேயே தோற்க மனசு வரவில்லை என்றால், பந்தயம் காரணமில்லை என்று ஆகிறது. பணம் இல்லாதவன் பரிசுக்காக ஏமாற்றுகிறான் என்று சமாதானம் சொல்லலாம். இருப்பவன் எதற்கு ஏமாற்றுகிறான்? துரியோதனனுக்கு அரண்மனை இல்லையா?

சந்தேகம் எப்படிப் பரவும் என்பதற்கு அடுத்த வருஷமே சாட்சி. 2022 செப்டம்பரில் 19 வயது செஸ் ஆட்டக்காரர் ஹான்ஸ் நீமன், அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை நேருக்கு நேர் ஜெயித்தார். கார்ல்சன் போட்டியை விட்டே வெளியேறினார். நீமன் சின்ன வயதில் ஆன்லைனில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர். பலகையில் ஏமாற்றியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கேஸ், கோர்ட், கடைசியில் 2023 ஆகஸ்டில் சமரசம். எப்போதோ ஒரு நாள் கையை மாற்றி வைத்தவனின் சொந்தக் கையும் செல்லாக்காசு.

அதே 2022 பிப்ரவரியில் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, 16 வயது, ஆன்லைன் போட்டியில் கார்ல்சனைத் தோற்கடித்தான். நம் ஊரில் நடுராத்திரி தாண்டிய நேரம். கேமரா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. யாரும் ஹேக்கர் என்று சொல்லவில்லை. எப்படிக் கொண்டாடப்போகிறாய் என்று கேட்டதற்கு, படுக்கப் போகவேண்டும் என்றான். சந்தேகத்துக்கு ஒரு விநாடி கூடக் கிடைக்கவில்லை. பையன் நிம்மதியாகத் தூங்கப் போனான். தூக்கிக்கொண்டு போய் மொத்த ஆள் இல்லை.

இப்போது சட்டமும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு வைத்து ஆடுவதைத் தடை செய்தது; மின் விளையாட்டை முறையான விளையாட்டாக ஒப்புக்கொண்டது. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் இருக்கிற மரியாதை துப்பாக்கி ஆட்டத்துக்கும் கிடைத்தாயிற்று. மரியாதை கிடைத்தால் ஊக்கமருந்துச் சோதனை, ஒழுங்கு விசாரணை, கமிட்டி, கமிட்டியில் மாமன் மச்சான் எல்லாம் பின்னாலேயே வரும். பிரவுசிங் சென்டர்கள் மூடிவிட்டன. பக்கத்து நாற்காலி போய்விட்டது. எதிராளி எந்த ஊரில் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறான் என்று தெரியாது. கண்ணைத் தோண்டிருவேன் என்ற சட்டப் பிரிவை ஹெட்போன் வழியாக அமல்படுத்த முடியவில்லை. அந்த வேலையை இப்போது செய்வது மென்பொருள். அது ஒரு ஹேக்கைக் கண்டுபிடித்தால், விற்கிறவன் அடுத்த வாரம் புதுசாக ஒன்றைச் செய்து விற்கிறான். இந்த ஓட்டப்பந்தயம் இப்போதைக்கு முடியாது.

ஆகவே நரிக்குடித் தம்பிகளா, ஹேக் வாங்க வைத்திருக்கும் காசுக்கு ஆளுக்கு ஒரு புரோட்டா சாப்பிடுங்கள். தோற்றால் ஜிஜி போட்டுவிட்டு வெளியே வாருங்கள். நெட்டைப் பிடுங்கிவிட்டு “கரண்டு போயிருச்சுண்ணே” என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடுவது மைக்கில் எங்களுக்குக் கேட்கிறது.